100 மீட்டர் நேரங்களை ஒப்பிடும்போது நான் செய்த தவறுகள்

தடகளக் கணக்கில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் போடுவது ஒரே பட்டியல்தான்: நேரங்கள் வரிசையாக, ஊக்கமருந்தில் சிக்கியவர்கள் பெயர் சிவப்பில், மிச்சப் பேர் கறுப்பில். பத்து வருடத்துக்கு முன் நான் போட்டதும் அதேதான்.

காற்றைப் பார்க்காமல் மருந்தைப் பேசுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988 ஜூலையில் இண்டியானாபொலிஸில் ஓடிய 10.49 நொடி இருக்கிறதே, அந்த எண்ணே மருந்துக்குச் சாட்சி என்று வரைபடமெல்லாம் போட்டு இரண்டு மாதம் எழுதினேன். அப்புறம் ஒரு மூத்த நடுவர் கேட்டார்: "தம்பி, அந்தக் காலிறுதியில் காற்று எவ்வளவு?"

பதிவில் நொடிக்கு 0.0 மீட்டர். ஆனால் அதே நேரத்தில் பக்கத்தில் நடந்த மும்முறைத் தாண்டலில் காற்றை அளக்கும் கருவி காட்டியது 4.3, பின்னர் நடந்த மூன்றாவது காலிறுதியில் 5.0. பின்னாலிருந்து தள்ளும் காற்றுக்கு, சாதனைக்கு அனுமதி நொடிக்கு 2 மீட்டர் வரைதான். மறுநாள் இறுதியில், முறையாக அளந்த 1.2 காற்றோடு, அவர் ஓடியது 10.61. நடுவே உள்ள 0.12 நொடியை முழுக்க மருந்தின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். அவர் மேல் சந்தேகம் உண்டு, எந்தச் சோதனையிலும் அவர் சிக்கியதும் இல்லை. அது தனி விவகாரம், 10.49-ஐ வைத்து அதை முடிக்க முடியாது.

ஆண்களிலும் பாருங்கள். போல்ட், டைசன் கே, யோஹன் பிளேக் மூவருக்கும் 9.69 உண்டு. போல்ட்டுக்குக் காற்றே இல்லை, கேவுக்குப் பின்னாலிருந்து 2.0, பிளேக்குக்கு எதிரே 0.1. இரண்டு மீட்டர் பின்காற்று ஏறக்குறைய 0.1 நொடி தரும். மூன்றும் ஒன்றா?

கையால் எடுத்த நேரம்

ஆள் கடிகாரத்தை அழுத்தி எடுத்ததை மின்னணு நேரத்தோடு கலக்கவே வேண்டாம்.

"சோதனையில் சிக்கவில்லை, அதனால் சுத்தம்"

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரியன் ஜோன்ஸ் வருடக்கணக்கில் சோதனைகளைத் தாண்டி வந்தவர், மருந்து எடுத்ததை 2007-இல் தானே ஒப்புக்கொண்டார். கறுப்பில் இருப்பவர்களைச் 'சுத்தமானவர்கள்' என்று தலைப்பிட்டுச் சராசரி எடுக்காதீர்கள்.

சிக்கியவரின் நேரம்தான் மருந்தின் அளவு என்று நினைப்பது

அமெரிக்க ஓட்ட வீரர் டிம் மான்ட்கோமரி 2002-இல் பாரிஸில் ஓடிய 9.78 பிறகு ரத்தானது. அன்று காற்று சரியாக 2.0, துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் கிளம்பியது 0.104 நொடியில், 0.100-க்குக் கீழே போனால் அது தவறான தொடக்கம். இந்த இரண்டையும் கழிக்காமல் அந்த 9.78-இல் மருந்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வீர்கள்?