லினக்ஸில் கேம்: நேட்டிவ் பதிப்பா, புரோட்டானா? சேவ் தொலையாமல் சோதித்துப் பார்க்கும் முறை

ஸ்டீம் கடையில் ஒரு கேமின் பக்கத்தில் 'ஸ்டீம்ஓஎஸ் + லினக்ஸ்' என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவேன். லினக்ஸுக்கென்றே செய்த பதிப்பு (நேட்டிவ் என்பார்கள்), அது எப்படி மோசமாக இருக்கும் என்ற நினைப்பு. போன வருடம் தள்ளுபடியில் வாங்கிய ஒரு கேம் அந்த நினைப்பைக் கெடுத்தது. மழைக் காட்சி வந்தால் படம் திக்கித் திக்கி நகரும். கேம்பேடை ஒருமுறை கழற்றி மாட்டினால் அதற்கப்புறம் அடையாளமே தெரியாது. வெறுத்துப்போய் அதன் விண்டோஸ் பதிப்பை, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட உதவும் புரோட்டான் வழியாக ஓட்டினேன். அதே கணினி, அதே மழை, வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் அந்த மாற்றத்தில் நாற்பது மணிநேரம் ஆடிய சேவ் போய்விட்டது. கேமின் பெயர் வேண்டாம், தவறில் பாதி என்னுடையது.

நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமலிருக்கத்தான் இந்தப் பதிவு. ஸ்டீம் ஏற்கெனவே நிறுவியிருக்கிறீர்கள், கிராபிக்ஸ் டிரைவர் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது லினக்ஸ் மின்ட், ஏஎம்டி கார்டு. என்விடியா என்றால் டிரைவர் மேனேஜர் பரிந்துரைப்பதைப் போட்டுவிட்டு வாருங்கள்.

நேட்டிவ் பதிப்பு ஏன் சில சமயம் சொதப்புகிறது?

செய்முறை மட்டும் வேண்டுமென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆனால் இது தெரிந்தால் எந்தக் கேமைச் சந்தேகப்பட வேண்டும் என்று முன்கூட்டியே புரியும்.

லினக்ஸுக்கான ஸ்டீம் 2013 பிப்ரவரியில் முறையாக வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய கேம்கள் வரிசையாக லினக்ஸுக்கு வந்தன. பலவற்றை மூல கேமைச் செய்தவர்கள் மாற்றவில்லை. ஃபெரல் இன்டராக்டிவ், ஆஸ்பயர், வர்ச்சுவல் புரோகிராமிங் போன்ற நிறுவனங்கள்தான் அந்த வேலையைச் செய்தன. விண்டோஸில் படம் வரையும் டைரக்ட்3டி கட்டளைகளை, லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றும் ஒரு அடுக்கு பல பதிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். 2014-இல் வந்த விட்சர் 2 அப்படிப்பட்டதுதான். வெளிவந்தபோது வேகம் போதவில்லை என்று நிறையப் பேர் குறைப்பட்டார்கள், அப்புறம் வந்த அப்டேட்டுகளில் தேறியது.

போர்ட் செய்யும், அதாவது லினக்ஸுக்கு மாற்றும், வேலை முடிந்ததும் எல்லாக் கேமும் இப்படித் தேறுவதில்லை. விண்டோஸ் பதிப்புக்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும், லினக்ஸ் பதிப்பு அங்கேயே நின்றுவிடும். சிலது மொத்தமாகவே கைவிடப்படும். ராக்கெட் லீக் 2020 மார்ச்சோடு லினக்ஸ், மேக் ஆதரவை நிறுத்தியது ஓர் உதாரணம். இன்னொரு பழைய வில்லன் கோப்புப் பெயர். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் விண்டோஸில் ஓடும், லினக்ஸில் அந்தச் சுவர் கறுப்பாகத் தெரியும்.

புரோட்டானை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன், அதோடு டைரக்ட்3டியை வல்கனுக்கு (ஓபன்ஜிஎல்லைப் போன்ற, அதைவிடப் புதிய முறை) மாற்றும் டிஎக்ஸ்விகே, எல்லாம் சேர்ந்த தொகுப்பு. இதுவும் மாற்றும் அடுக்குதான். ஒரே வித்தியாசம், இதை இன்றைக்கும் யாரோ திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நேட்டிவ் என்றாலே மோசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர் 2018-இல் நேராக வல்கனிலேயே வந்தது. ஃபேக்டோரியோவின் லினக்ஸ் பதிப்பில் விண்டோஸில் இல்லாத வசதி ஒன்று உண்டு: பின்னணியில் சேவ் செய்யும், ஆட்டம் நிற்காது. பெரிய தொழிற்சாலை கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

படி 1: வாங்குவதற்கு முன்

கடைப் பக்கத்தில் கீழே போய் லினக்ஸுக்கான சிஸ்டம் தேவைகளைப் பாருங்கள். அங்கே உபுண்டு 12.04 அல்லது 14.04 என்று இருந்தால் (முதல் எண்தான் ஆண்டு: 2012, 2014) அந்தப் பதிப்பு எந்தக் காலத்தது என்று தெரிந்துவிடும். பழையது என்பதாலேயே கெட்டது இல்லை, ஆனால் நான் அங்கேயே ஒரு புருவத்தைத் தூக்கிக்கொள்வேன்.

அப்புறம் புரோட்டானில் எந்தக் கேம் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் கேமைத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு பட்டங்களை மட்டும் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். நேட்டிவ் பதிப்பு உள்ள கேம்களையும் புரோட்டானில் ஓட்டிப் பார்த்தவர்கள் அங்கே எழுதியிருப்பார்கள். கடைசி ஆறு மாதத்தில் எழுதியதை மட்டும் படித்தால் போதும்.

ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடும் கேம் என்றால் ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல்) முக்கியம். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டானில் இயங்க வழி உண்டு, ஆனால் கேமைச் செய்தவர்கள் அதை அனுமதித்திருக்க வேண்டும். அனுமதிக்கவில்லை என்றால் நாம் இங்கே எதைத் திருகியும் பயனில்லை.

வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணிநேரத்துக்குள் என்றால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். சோதனையை அந்த நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

படி 2: கேம் எந்த டிரைவில் இருக்கிறது?

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் கவனிக்க. விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் என்டிஎஃப்எஸ் டிரைவில் கேமை வைத்தால் நேட்டிவ் பதிப்பு பெரும்பாலும் ஓடிவிடும். புரோட்டானுக்கு மாற்றியதும் பிளே பட்டன் ஒரு நொடி ஸ்டாப் ஆகும், மறுபடி பிளே ஆகும், அவ்வளவுதான். பிழைச் செய்தி எதுவும் வராது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய் விண்டோஸ் வீடு கட்டுகிறது. அதற்குள் சி டிரைவைக் குறிக்க, பெயரிலேயே முக்காற்புள்ளி (:) உள்ள ஒரு சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் இணைப்புக் கோப்பு) இருக்கும். விண்டோஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தீர்வு எளிது. லினக்ஸுக்கென்று இருக்கும் எக்ஸ்ட்4 பகுதியில் புது லைப்ரரி ஒன்றை ஸ்டீம் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் பக்கத்தில் சேர்த்துவிட்டு, கேமை அங்கேயே நகர்த்துங்கள். என்டிஎஃப்எஸ்ஸிலேயே ஓட்டச் சில குறுக்கு வழிகள் உண்டு. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையை அதில் தொலைத்திருக்கிறேன். வேண்டாம்.

படி 3: சேவ் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள் (இதைத் தாண்டாதீர்கள்)

நான் விழுந்த பள்ளம் இதுதான். நேட்டிவ் பதிப்பு ஓரிடத்தில் சேவ் செய்யும், புரோட்டானில் ஓடும் விண்டோஸ் பதிப்பு அந்தப் பொய் வீட்டுக்குள் சேவ் செய்யும். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. மாற்றியதும் கேம் 'புதிதாகத் தொடங்கு' என்று வந்து நிற்கும்.

அதுவரை பரவாயில்லை. நான் என்ன செய்தேன்? சரி, ஓடுகிறதா பார்ப்போம் என்று முதல் அத்தியாயத்தை ஐந்து நிமிடம் ஆடினேன். வெளியே வந்ததும், சேவ்களை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் ஸ்டீம் கிளவுட், உள்ளூர்க் கோப்பும் கிளவுட் கோப்பும் ஒத்துப்போகவில்லை, எதை வைத்துக்கொள்ள என்று கேட்டது. இரண்டிலும் தேதி போட்டிருந்தது. புதியதுதானே சரியாக இருக்கும் என்று புதியதை அழுத்தினேன். அந்தப் புதியது என் ஐந்து நிமிட ஆட்டம். கிளவுடில் இருந்த நாற்பது மணிநேரம் போயிற்று. பிறகு நேட்டிவ் பதிப்புக்குத் திரும்பியபோது கிளவுட் அதையே இறக்கி இங்கிருந்ததன் மேலும் எழுதிவிட்டது.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். லைப்ரரியில் கேம் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஜெனரல் பகுதியில் ஸ்டீம் கிளவுடை அணைத்துவிடுங்கள். இந்த ஒரு கேமுக்கு மட்டும்தான் அணையும்.

அடுத்து சேவ் கோப்புறையைக் கண்டுபிடித்து நகல் எடுக்க வேண்டும். உங்கள் ஹோம் கோப்புறையைத் திறந்து கண்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் தெரியும். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம் என்றால் 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் 'யூனிட்டி3டி', அதற்குள் நிறுவனத்தின் பெயர், அதற்குள் கேமின் பெயர். ஃபெரல் செய்தவை 'லோக்கல்', 'ஷேர்', அதற்குள் ஃபெரலின் பெயரில் இருக்கும். இரண்டிலும் இல்லை என்றால் பிசிகேமிங்விக்கியில் கேமின் பக்கத்தைப் பாருங்கள். லினக்ஸ், விண்டோஸ் இரண்டுக்கும் சேவ் இடத்தைத் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். கிடைத்ததும் மொத்தக் கோப்புறையையும் டெஸ்க்டாப்பில் நகலெடுத்து, பெயரில் தேதியைச் சேர்த்துவிடுங்கள்.

படி 4: புரோட்டானுக்கு மாற்றுதல்

அதே பிராப்பர்ட்டீஸ், இப்போது கம்பாட்டிபிலிட்டி பகுதி. குறிப்பிட்ட கருவியைக் கட்டாயப்படுத்து என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். டிக் போட்டதும் கீழே பட்டியல் திறக்கும். எக்ஸ்பெரிமென்டல் வேண்டாம், எண் போட்ட புரோட்டான்களில் எது பெரியதோ அதை எடுங்கள். டிக்கை எடுத்துவிட்டால் நேட்டிவ் பதிப்பு திரும்பி வந்துவிடும்.

மாற்றியதும் ஸ்டீம் விண்டோஸ் பதிப்பை இறக்கத் தொடங்கும். சில கேம்களில் சில நூறு எம்பி, சிலவற்றில் மொத்தமும். மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டிருப்பவர்கள் முதலில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை திறந்து, முதன்மை மெனு வந்ததும் மூடிவிடுங்கள். ஆட வேண்டாம். பொய் வீடு இப்போது கட்டப்பட்டுவிட்டது. பிராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அங்கே பிரவுஸ் அழுத்தினால் கேம் கோப்புறை திறக்கும். இரண்டு படி மேலே போனால் 'ஸ்டீம்ஆப்ஸ்'. அதற்குள் 'காம்பாட்டேட்டா'வில் வெறும் எண்களாக நிற்கும். உங்கள் கேமின் எண் அதன் கடைப் பக்க முகவரியிலேயே இருக்கிறது. டூம் ரைடர் 2013 என்றால் 203160. அந்த எண்ணுக்குள் 'பிஎஃப்எக்ஸ்', சி டிரைவ், 'யூசர்ஸ்', 'ஸ்டீம்யூசர்' என்று போனால் விண்டோஸில் பார்த்த அதே கோப்புறைகள். யூனிட்டி கேம் என்றால் 'ஆப்டேட்டா'வில் 'லோக்கல்லோ'வுக்குள் நிறுவனம், கேம் பெயர். படி 3-இல் எடுத்த நகலை இங்கே போடுங்கள்.

எல்லாக் கேமிலும் சேவ் ஒத்துப்போகாது. யூனிட்டி கேம்களில் எனக்குப் பெரும்பாலும் ஒத்துப்போனது. வேறு நிறுவனம் போர்ட் செய்தவற்றில் சேவின் வடிவமே மாறியிருக்கலாம். அப்படியென்றால் ஆடிக்கொண்டிருக்கும் கேமை அந்தப் பதிப்பிலேயே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

படி 5: அளந்து பாருங்கள்

ஸ்டீம் செட்டிங்ஸில் இன்-கேம் பகுதியிலேயே எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) காட்டும் வசதி இருக்கிறது, தொடங்க அது போதும். எனக்குப் பிடித்தது மாங்கோஹட், ஆடும்போதே வேகத்தைத் திரையில் காட்டும் கருவி. சராசரி எஃப்பிஎஸ் 60 என்று காட்டும்போதே படம் திக்கும். மாங்கோஹட்டின் ஃப்ரேம் நேரக் கோட்டில் அந்தத் திக்கல் முள்ளாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இரண்டு பதிப்பிலும் ஒரே சேவ், ஒரே இடம், ஒரே ரெசல்யூஷன், பத்து நிமிடம். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) அப்போதுதான் தயாராகும், எந்தப் பதிப்பும் கொஞ்சம் திக்கும். அமைப்புகள் தானாக ஒன்றாக இருக்கும் என்றும் நம்ப வேண்டாம், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எண்ணில் வராதவையும் உண்டு. கேம்பேடைக் கழற்றி மாட்டுங்கள். ஆல்ட்-டேப் அழுத்தி வெளியே போய்த் திரும்புங்கள். ஒரு கட்சீன் வீடியோவையாவது பாருங்கள், சத்தத்தோடு. புரோட்டான் தடுமாறுவது பெரும்பாலும் வீடியோவில்தான். அங்கே வண்ணப் பட்டைகள் மட்டும் தெரிந்தால் புரோட்டான்அப்-க்யூடி என்ற கருவியை நிறுவி, ஜிஇ-புரோட்டானை (ஆர்வலர் ஒருவர் மாற்றியமைத்த புரோட்டான்) இறக்கி, படி 4-இன் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். வீடியோவுக்கு மட்டுமே நான் ஜிஇ போடுவேன். எல்லாவற்றுக்கும் அதையே போடுங்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று என்றால் நான் நேட்டிவிலேயே இருந்துவிடுவேன். பத்து சதவீத வித்தியாசத்துக்காக சேவ் கோப்பை இடம் மாற்றும் வேலை எனக்குக் கட்டுப்படியாகாது. திக்கினால் மட்டும் மாறுவேன்.

எல்லாம் சரியானதும் கிளவுடைத் திரும்பப் போடுங்கள். மோதல் கேள்வி வந்தால் தேதியைப் பார்க்காதீர்கள், உள்ளூர்க் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் நகலை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள்.

சேர்க்கை 1: ஃபிளாட்பேக்கில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் தொகுப்பு முறை) ஸ்டீம் வைத்திருக்கும் இருவர், நான் சொன்ன இடத்தில் கோப்புறையே இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஃபிளாட்பேக் ஸ்டீமுக்குத் தனி ஹோம் உண்டு. மறைந்த கோப்புறைகளில் 'வார்' என்பதைத் திறந்து, 'ஆப்'புக்குள் வால்வ் ஸ்டீமின் பெயரைத் தேடுங்கள், எல்லாம் அதற்குள் இருக்கும். வேறு டிரைவில் லைப்ரரி வைக்க வேண்டுமென்றால் ஃபிளாட்சீல் கருவியில் அந்த டிரைவுக்கு அனுமதி தர வேண்டும். நான் சாதாரண டெப் தொகுப்பையே வைத்திருக்கிறேன்.

சேர்க்கை 2: 'சேவ் வந்துவிட்டது, ஆனால் நான் மாற்றிவைத்த கீபோர்டு பட்டன்களும் ஒலி அளவும் வரவில்லை' என்று ஒரு வாசகர். யூனிட்டி கேம்கள் பல இவற்றை விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) வைக்கின்றன, லினக்ஸில் சாதாரணக் கோப்பில் வைக்கின்றன. நகலெடுத்தாலும் படிக்காது. அதைக் கையாலேயே திரும்ப அமைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை.