வயசான பூனையைக் கூட்டி வந்தவர்களுக்கு

போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் போன் செய்தாள். யாரோ வீடு காலி செய்தபோது விட்டுவிட்டுப் போன கிழட்டுப் பூனை ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறாள். "சாப்பாடுதான் கொஞ்சம் கம்மி அக்கா. ஆனா தண்ணி நல்லாக் குடிக்குது!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பழக்கமானது. ஆறு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பால் வைக்காதீர்கள், வெங்காயக் குழம்பு ஊற்றாதீர்கள் என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"தண்ணி நல்லாக் குடிக்குது"

எங்கள் வீட்டுக்கு வந்த பாட்டிக்கு (பெயரே அதுதான்) 13 வயதாவது இருக்கும். வந்த நாளிலிருந்து குளியலறை வாளியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றிக் குடித்துக்கொண்டே இருக்கும்; நக்கும் சத்தம் கூடம் வரை கேட்கும். வெயில் காலம்தானே, நல்லது என்று நினைத்தேன். மணல் தட்டில் எலுமிச்சை அளவு இருக்க வேண்டிய சிறுநீர்க் கட்டிகள் சாத்துக்குடி அளவில் கிடந்தன. அள்ளிப் போட்டேனே தவிர, யோசிக்கவில்லை. தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டியது. வயசாச்சே என்று அதற்கும் ஒரு சமாதானம்.

பூனை இயல்பிலேயே குறைவாகத் தண்ணீர் குடிக்கும். வயதான பூனை வாளியைத் தேடிப் போனால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு இந்த மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாமல் நிறைய வெளியேறும். போனதை ஈடுகட்டத்தான் அது அப்படிக் குடிக்கிறது. கொடுமை என்னவென்றால், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு பெரும்பாலும் போயிருக்கும்.

நான் மூன்று மாதம் கழித்துக் கொண்டுபோனேன். எடை 2.1 கிலோ. "வரும்போது எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார் மருத்துவர். பதில் இல்லை.

இன்றைக்கும் எரிச்சல் வருவது இங்கேதான். ஒரு துணிப்பை, பழைய பேப்பர்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு கொக்கித் தராசு, வாரம் ஒரு நிமிஷம். 3 கிலோ பூனை 300 கிராம் இழந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் ரோமம் மறைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் கூட்டி வந்த வாரமே எடை, ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம்தான் கோளாறு என்று முன்பே தெரிந்திருந்தால், அதற்கேற்ற பாஸ்பரஸ் குறைந்த உணவுக்கு, பசி இருக்கும்போதே பாட்டியைப் பழக்கியிருப்பேன். பசி போன பிறகு புது உணவை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஏழு மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள், பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, ஜன்னல் கம்பியில் மாட்டி, தோலுக்கடியில் திரவம் ஏற்றினேன்.

"வலிக்கு ஒரு பாராசிட்டமால்"

வேண்டாம். பாதி மாத்திரையே கொன்றுவிடும். பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தும் அப்படித்தான்.

"கண்ட இடத்தில் போயிடுது"

திமிர் இல்லை, வயசான பூனைக்குப் பல நேரம் மூட்டுவலி. தட்டின் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்க முடிவதில்லை. ஒரு பக்கத்தை மூன்று விரல் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியும் போடுங்கள்.

"புது இடம், ரெண்டு நாள் சாப்பிடாது"

ஒரு நாள் பொறுக்கலாம். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வைத்துப் பாருங்கள், வாசனைக்கு வரும். இரண்டாம் நாளும் தொடவில்லையென்றால் கிளம்புங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலையே கெடுத்துவிடும். குண்டாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

"இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்"

கடைசி நாலு நாள் பாட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்தபடியே உட்கார்ந்திருந்தது, குடிக்கவில்லை. மருத்துவர் முதல் நாளே கருணைக்கொலை ஊசியைப் பற்றிச் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டது நான்தான்.

பக்கத்துத் தெருப் பூனையின் எடை 2.8 கிலோ. நேற்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.