சேஸிஸ் விறைப்பும் சஸ்பென்ஷன் அமைப்பும்: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பந்தயத் தடத்துக்குத் தயார்செய்யும் முறை

பந்தயத் தடத்தில் புதிதாகக் கார் ஓட்டத் தொடங்குபவர்கள் பலரும் முதலில் வாங்குவது கடினமான ஸ்பிரிங்குகளைத்தான். என் கருத்தில் அது கடைசியில் வரவேண்டிய செலவு. சஸ்பென்ஷனில் (சக்கரங்களை உடலுடன் இணைக்கும் கரங்கள், ஸ்பிரிங், டேம்பர் எனும் ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் தொகுப்பில்) நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் சேஸிஸின் (காரின் அடிப்படை உடற்கட்டமைப்பின்) வழியாகவே டயரைச் சென்றடைகிறது; சேஸிஸ் முறுக்கிக்கொண்டால் அம்மாற்றத்தின் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும். இதை விளக்க, 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்கிறேன். ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை, நான்கு சக்கரங்களிலும் டபுள் விஷ்போன் (மேலும் கீழுமாக இரு கரங்கள் சக்கரத்தைப் பிடிக்கும்) சஸ்பென்ஷன், கூரையில்லாத உடல் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால் பாடம் கற்க ஏற்ற கார் இது.

முதல் படி: உடலின் நிலையை அறிதல்

முறுக்கு விறைப்பு என்பது, காரின் முன்பகுதியைப் பின்பகுதிக்கு எதிராக ஒரு பாகை முறுக்குவதற்கு எவ்வளவு திருப்புவிசை தேவை என்பதைக் குறிக்கும். மூடிய காரில் கூரையும் அதன் தூண்களும் இந்த முறுக்கலைத் தாங்குவதில் பெரும்பங்கு வகிக்கின்றன. கூரையில்லாத காரில் அந்தச் சுமை முழுவதும் தரைத்தளத்தின் மீதும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களின் மீதும் விழுகிறது.

சமதளத்தில் காரை நிறுத்தி, ஒரு பக்கத்தின் முன் ஜாக்கிப் புள்ளியில் மெதுவாக உயர்த்துங்கள். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் கீழும் எப்படி மாறுகிறது என்று கவனித்து, பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு தாழ்ப்பாளில் உரசினால் உடல் கணிசமாக முறுக்குகிறது என்று பொருள். இந்தக் காரில் பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள பக்கச் சட்டத்தின் முனையில் துரு பிடிப்பது வழக்கமானதால், அந்த இடத்தைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பதும் அவசியம். காருக்கு அடியில் போவதாயின் தாங்குகட்டை வைக்காமல் போகாதீர்கள்.

துரு இருந்தால் முதலில் வெல்டிங். அதன்பிறகு தரைத்தளச் சட்டங்களை இணைக்கும் பிரேஸ்கள் பயன்தரும். முறையாக வெல்டிங் செய்யப்பட்ட ரோல் கேஜ் (காருக்குள் பொருத்தும் குழாய்க் கூண்டு) அவற்றைவிடப் பல மடங்கு பயன்தரும். பானெட்டுக்குள் இரு பக்கச் சஸ்பென்ஷனின் மேல்தாங்கிகளை இணைத்துப் பளபளக்கும் கம்பியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (மேல் கரத்துக்குப் பதில் டேம்பரே சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள காரில் வளைவின் பக்கவிசையில் ஒரு பங்கு மேல்தாங்கியை அடைகிறது, டபுள் விஷ்போன் காரில் அவ்விசை விஷ்போன்கள் வழியாகத் துணைச் சட்டத்துக்குச் சென்றுவிடுகிறது. எனவே எம்எக்ஸ்-5 காரில் அந்தக் கம்பி பெரும்பாலும் அழகுப் பொருளே. அதேபோல் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டம் ஒன்று இக்காரில் உண்டு. அது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இயக்க அமைப்பு திமிறுவதைத் தடுப்பதற்கானது, உடல் முறுக்குக்கு அது மருந்தல்ல.

இரண்டாம் படி: விறைப்பு ஏன் தேவை என்பதைக் கணக்கில் பார்த்தல்

வளைவில் உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு மாறும் மொத்தச் சுமையை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவின் வேகம் ஆகியவையே தீர்மானிக்கின்றன. அந்தச் சுமைமாற்றத்தில் முன்பக்கம் எத்தனை பங்கு, பின்பக்கம் எத்தனை பங்கு என்று பிரிப்பதே ஸ்பிரிங்குக்கும் ஆன்டி-ரோல் பாருக்கும் (இடது, வலது சக்கரங்களை இணைத்து உடல் சாய்வைக் குறைக்கும் கம்பிக்கும்) உள்ள வேலை. டயரின் மீது சுமை இரட்டித்தாலும் பிடிமானம் இரட்டிப்பதில்லை என்பதால், சுமைமாற்றம் எந்த முனையில் அதிகமோ அந்த முனை முதலில் பிடியிழக்கும். முன்முனை இழந்து கார் திரும்ப மறுத்தால் அண்டர்ஸ்டீர், பின்முனை இழந்து வால் வெளியே வீசினால் ஓவர்ஸ்டீர்.

ஒரு கற்பனைக் காரை எண்ணிக்கொள்வோம். எடை முன்னும் பின்னும் சமம். உடலின் முறுக்கு விறைப்பு பாகைக்கு 3000 நியூட்டன்-மீட்டர். சஸ்பென்ஷனின் சாய்வு விறைப்பு (உடல் பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் விறைப்பு) அதே அலகில் முன்னால் 750, பின்னால் 500 என்று வைத்தால், முற்றிலும் வளையாத உடலில் முன்பக்கத்தின் பங்கு 60 விழுக்காடாக இருக்கும். நம் கற்பனைக் காரில் அது 59-ஐத் தாண்டும். சமநிலையான 50-லிருந்து நாம் கேட்ட பத்து புள்ளிகளில் ஒன்பது கிடைத்துவிட்டன. இப்போது அதே உடலில் பந்தய ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, முன்னால் 3000, பின்னால் 2000 ஆக்குவோம். விகிதம் மாறவில்லை, ஆனால் முன்பக்கத்தின் பங்கு 57 விழுக்காடுதான். மூன்று புள்ளிகளை உடல் விழுங்கிவிட்டது. ஆடும் மேசையின் மீது தராசை வைத்து எடைக்கற்களை மாற்றிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. மென்மையான ஸ்பிரிங்குக்குப் போதுமான உடல், கடினமான ஸ்பிரிங்குக்குப் போதாது.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1962-இல் லோட்டஸ் 25 காரின் மூலம் ஃபார்முலா ஒன்றுக்கு முழு மோனோகாக் உடலை (தகட்டு உறையே சட்டமாகச் சுமையைத் தாங்கும் உடலை) கொண்டுவந்தபோது அடைந்த நன்மையும் இதுவே: உடல் விறைப்பானதால் சஸ்பென்ஷனை மென்மையாகவே வைத்துக்கொள்ள முடிந்தது.

மூன்றாம் படி: புஷ், டயர் அழுத்தம், சக்கரக் கோணங்கள்

சஸ்பென்ஷன் கரங்களின் மூட்டுகளில் உள்ள தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். அவை இருக்கும்வரை எந்தக் கோணத்தை அமைத்தாலும் ஓட்டத்தில் அது நிற்காது. டயர் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் அல்ல, சில சுற்றுகள் ஓடித் திரும்பிய உடனே அளக்க வேண்டும். டயர் முகத்தின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களில் வெப்பநிலையை அளந்தால், நடுப்பகுதி மிகச் சூடாக இருப்பது அழுத்தம் கூடுதல் என்பதையும், வெளிவிளிம்பு மிகச் சூடாக இருப்பது எதிர்க் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) போதவில்லை என்பதையும் காட்டும்.

எம்எக்ஸ்-5 காரின் கீழ் விஷ்போன்களில் மையம் விலகிய போல்ட்டுகள் இருப்பதால், புதிய பாகம் எதுவும் வாங்காமலே முன்னால் கேம்பரையும் காஸ்டரையும் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), பின்னால் கேம்பரையும் டோவையும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) மாற்றலாம்; முன் டோவை ஸ்டீயரிங் இணைப்புத் தண்டில் மாற்ற வேண்டும். தடத்துக்கான தொடக்க நிலையாக முன்னும் பின்னும் சுமார் 2 பாகை எதிர்க் கேம்பர், முன்னால் டோ சுழியம், பின்னால் சிறிதளவு உள்நோக்கிய டோ என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: ஆன்டி-ரோல் பார்

ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் இதைத் தொடுங்கள். கார் சீரான வளைவின் நடுவில் மூக்கை வெளியே தள்ளினால் முன் பாரை (அதன் முனையிலுள்ள பொருத்துத் துளைகளில்) ஒரு துளை மென்மையாக்குங்கள், அல்லது பின் பாரை ஒரு துளை கடினமாக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். பின் பாரை மிகவும் கடினமாக்கினால், வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கப் பின்சக்கரம் இலேசாகி வெறுமனே சுழலும்.

ஐந்தாம் படி: ஸ்பிரிங்

ஸ்பிரிங்கின் மீது அச்சிட்டிருக்கும் விறைப்பு சக்கரத்துக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. ஸ்பிரிங் அமுங்கும் தூரத்தைச் சக்கரம் நகரும் தூரத்தால் வகுத்தால் வரும் விகிதத்தின் வர்க்கத்தால் அதைப் பெருக்க வேண்டும். அவ்விகிதம் 0.7 என்றால், மில்லிமீட்டருக்கு 70 நியூட்டன் கொண்ட ஸ்பிரிங் சக்கரத்தில் சுமார் 34 நியூட்டனாகவே வேலை செய்யும். ஒரு சக்கரம் தாங்கும் உடல் எடை 220 கிலோ என்றால், அது உடலுக்கு வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு மேல்கீழ் அலைவுகளைத் தரும். இறக்கையோ காற்றழுத்தமோ இல்லாத தடக் காருக்கு இதுவே நல்ல தொடக்கம். சாலையிலும் ஓட்டுவதாயின் ஒன்றரை அலைவுகள் போதும்.

காரை அளவுக்கு மீறித் தாழ்த்துவதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரிய பிழை. வளைவின் நடுவில் டேம்பர் தண்டு தடுப்பு ரப்பரில் முட்டினால் அந்தச் சக்கரத்தின் விறைப்பு நொடியில் பல மடங்காகி, அதுவரை அமைதியாக இருந்த கார் எச்சரிக்கையின்றிப் பிடியிழக்கும். தண்டில் ஒரு சிறிய கேபிள் டையைக் கட்டிவிட்டு ஓட்டி வந்தால், அது தள்ளப்பட்டு நிற்கும் இடத்திலிருந்து சக்கரம் எதுவரை பயணித்தது என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: டேம்பர்

சீரான வளைவில் சுமை எப்படிப் பிரிகிறது என்பதை டேம்பர் மாற்றாது. பிரேக் மிதிக்கும்போதும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும், ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போதும் அந்தச் சுமை எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதையே அது ஆள்கிறது. எனவே சிக்கல் வளைவின் நுழைவிலா, நடுவிலா, வெளியேற்றத்திலா என்று முதலில் பிரித்தறியுங்கள். நடுவில் என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். டேம்பரின் சரிசெய் திருகை முழுவதும் இறுக்கி, அங்கிருந்து எத்தனை கிளிக் தளர்த்தினீர்கள் என்று எண்ணுவதே நம்பகமான முறை. மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் அமுக்க டேம்பிங்கை இரண்டு கிளிக் குறைத்துப் பாருங்கள். உடல் ஊஞ்சலாடினால் விரிவு டேம்பிங்கை இரண்டு கிளிக் கூட்டுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தடத்தின் வெப்பநிலை, டயர் அழுத்தம், சுற்று நேரம் ஆகியவற்றுடன் குறித்துவைத்து, நாளின் இறுதியில் தொடக்க அமைப்புக்கு ஒருமுறை திரும்பி ஓட்டிப் பாருங்கள். நேரம் குறைந்ததற்குக் காரணம் அமைப்பா அல்லது உங்கள் கை பழகியதா என்பது அப்போதுதான் தெரியும். மழை பெய்தால் குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் தொடங்குங்கள்: முன் பாரையும் டேம்பர்களையும் மென்மையாக்கிவிட்டு, பின் பாரைக் கழற்றியே ஓட்டுவது ஈரத் தடத்தில் பலரும் கையாளும் வழக்கம்.