இடது பிரேக் மட்டும் ஏன் அமுங்குகிறது?

போன வருடம் டெக்சாஸில் பழைய ஆர்வி-6 ஒன்றை வாங்கினேன், 1990களில் ஒருவர் தன் கராஜிலேயே கட்டிய இரண்டு இருக்கை விமானம். மூன்றாவது வாரமே இடது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது. வால் சக்கர விமானத்தில் ஒரு பக்கம் பிரேக் இல்லையென்றால் தரையில் திருப்புவதே திண்டாட்டம்.

பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று ப்ளீட் செய்தேன், அதாவது காற்றை வெளியேற்றினேன். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. சக்கரத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் காலிபர், அதாவது பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம், அதன் அடியில் சிவப்பாக ஈரம். அதற்குள் எண்ணெய் அழுத்தத்தில் நகரும் பிஸ்டனை வெளியே எடுத்தேன். எண்ணெய் கசியாமல் அதைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ரப்பராகவே இல்லை, பிரேக் சூட்டில் வருடக்கணக்காக வெந்து பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகியிருந்தது, வளைத்ததும் ஒடிந்தது.

புது ஓ-ரிங் சில டாலர்தான். கார் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், இந்த நைட்ரைல் ரப்பர் அதில் ஊதிக் கெட்டுவிடும். 5606 என்ற சிவப்பு மினரல் ஆயில்தான் வேண்டும். இந்த முறை காலிபரிலிருந்து மேல்நோக்கி, எண்ணெய்க் கேனால் மெதுவாக ஏற்றினேன், காற்று தானாக மேலே போய்விட்டது. பெடல் கல் மாதிரி நின்றது.

இப்படிக் கராஜில் கட்டிய விமானத்தில் ரிப்பேரை யாரும் செய்யலாம். ஆனால் வருடாந்திர சோதனைக்குக் கையெழுத்துப் போடும் உரிமை கட்டியவரோடு போய்விடும், வாங்கியவனுக்குத் தானாக வராது, அதனால் உரிமம் பெற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “வலது பக்கம் மாற்றினீர்களா?” அன்று மாலையே கழற்றினேன். அங்கேயும் அதே வளையல்.