துணியைப் பார்த்து மை, மையைப் பார்த்து பிரிண்டர்: ஹீட் டிரான்ஸ்ஃபருக்கு முதல் இங்க்ஜெட் வாங்கும் முறை

கார்த்திகை பிறந்துவிட்டால் காரைக்குடியில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் குழுவுக்கு வேல் படம் போட்ட பனியன் கேட்டு வருகிறவர்கள் ஒரு வகை. "வீட்டிலேயே இந்த வேலையை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்தப் பிரிண்டர் வாங்கட்டும்?" என்று கேட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. தாளில் அச்சடித்த படத்தைச் சூடாக அழுத்தித் துணியிலோ மக்கிலோ ஏற்றும் வேலைதான் ஹீட் டிரான்ஸ்ஃபர். இது அந்த இரண்டாவது வகையினருக்காக.

சமீபத்தில் ஓர் ஆச்சி, புதுப் பிரிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். விலை மலிவு என்று வாங்கிவிட்டார்கள். மக்கில் படம் போடுவதுதான் அவர் ஆசை. அந்தப் பிரிண்டரை எத்தனை நாள் வைத்துக்கொண்டு போராடினாலும் அந்த வேலை அதில் நடக்காது. "பெட்டியைப் பிரிக்காதீங்க ஆச்சி, அப்படியே கொண்டுபோய் மாத்தப் பாருங்க" என்றேன். அவர் முகம் வாடியது இன்னும் மனதில் நிற்கிறது. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் பத்து நிமிடப் பேச்சில் முடிந்திருக்கும். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எதன் மேல் அச்சடிக்கப் போகிறீர்கள்?

பிரிண்டர் பெயரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் கேள்வி துணிதான்.

பாலியெஸ்டர் பனியன், மேல்பூச்சு உள்ள மக், சாவிக்கொத்துத் தகடு என்றால் உங்களுக்கு வேண்டியது சப்ளிமேஷன் மை. சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இந்தச் சாயம் ஆவியாகி, பாலியெஸ்டர் இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். தடவிப் பார்த்தால் படம் கையில் தட்டுப்படாது, துவைத்தாலும் உரியாது. ஆனால் இந்த மையில் வெள்ளை நிறம் கிடையாது. வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியில்தான் எடுபடும். கறுப்புப் பனியனில் ஒன்றுமே தெரியாது.

காட்டன் இந்தச் சாயத்தைப் பிடித்து வைக்காது. நம் ஊரில் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை பருத்தி நெசவு. "கண்டாங்கித் துணியில் பை தைத்துப் பெயர் போட்டுத் தர முடியுமா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். சப்ளிமேஷனில் முடியாது. ஆத்தங்குடித் தரைக்கல்லும் அப்படியே. அது சிமெண்ட், மக்குக்கு இருப்பதுபோல மேலே பாலிமர் பூச்சு இல்லை. அதிலும் சாயம் நிற்காது.

காட்டனுக்கு வழி, படலம் பூசிய டிரான்ஸ்ஃபர் பேப்பர். படம் ஒரு மெல்லிய படலமாகத் துணி மேல் ஒட்டிக்கொள்ளும். வெளிர் துணிக்கு ஒரு பேப்பர், அடர் நிறத் துணிக்கு வேறு பேப்பர். இதற்குப் பிக்மென்ட் மை, அதாவது தண்ணீரில் கரையாத நுண்துகள் மை, நல்லது. தண்ணீரில் கரையும் சாதாரண டை மை துவைக்கும்போது கசியக்கூடும். எப்படிச் செய்தாலும் பல சலவைக்குப் பிறகு படலம் வெடிக்கத் தொடங்கும். வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, சப்ளிமேஷனில் ஆரம்பியுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

படி 2: ஹெட் என்ன வகை?

ஆச்சியின் பிரிண்டர் ஆகாமல் போனது இந்த இடத்தில்தான். மையைத் துளித்துளியாகத் தாளில் தெளிக்கும் பாகம்தான் ஹெட். இங்க்ஜெட் ஹெட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மையைச் சூடாக்கி, அதில் எழும் குமிழியால் துளியை வெளியே தள்ளுவது. கேனன், எச்பி வீட்டு மாடல்கள் இந்த வகை. இன்னொன்று பீசோ. மின்சாரம் பட்டதும் உள்ளே ஒரு சிறு பாகம் வளைந்து துளியைத் தள்ளும், சூடே கிடையாது. எப்சன் இந்த வகை, பிரதரும் இதே வகை.

சூடு பட்டால் வேலை செய்வதற்கென்றே தயாரித்த மையைச் சூடாக்கும் ஹெட்டில் ஊற்றினால் ஹெட் அடைத்துக்கொள்ளும். ஆகவே பீசோ மட்டும். மற்றபடி கேனன், எச்பி மாடல்கள் நல்லவையே, இந்த வேலைக்குத்தான் பொருந்தாது. லேசர் பிரிண்டர் பேச்சே வேண்டாம். அதில் மையே இல்லை, பொடி.

படி 3: மாடலும் செலவும்

பாட்டிலிலிருந்து தொட்டியில் மை ஊற்றும் எப்சன் டேங்க் பிரிண்டர்களில் எல்3210, எல்3250 போன்ற நான்கு நிற ஏ4 மாடல்கள் தொடக்கத்துக்குப் போதும். 3250-ல் வைஃபை உண்டு, செல்போனிலிருந்தே அச்சடிக்கலாம். முகப்படங்கள் அதிகம் செய்வீர்கள் என்றால் ஆறு நிற எல்8050 பாருங்கள். வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் சேர்வதால் தோல் நிறம் புள்ளி தெரியாமல் வரும். அறுபதாம் கல்யாணத்துக்குத் தம்பதி படம் போட்ட மக் நிறையக் கேட்கும் ஊர் இது, அதனால் சொல்கிறேன்.

"ஏ3 வாங்கிவிடட்டுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அவசரப்படாதீர்கள். ஏ4 தாளைப் படுக்கைவசமாக வைத்தால் 29 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கிறது. பனியன் முதுகில் குழுவின் பெயர் போட அது தாராளம். சாதாரண மக்குக்குப் படம் 20 சென்டிமீட்டர் நீளம், 9 உயரம். ஒரு ஏ4 தாளில் மூன்று மக் அடங்கும். மார்பு முழுக்கப் பெரிய படம் கேட்டு ஆர்டர்கள் தொடர்ந்து வந்த பிறகு ஏ3-க்குப் போகலாம்.

சப்ளிமேஷனுக்கென்றே எப்சன் செய்யும் எஃப்130 என்ற ஏ4 மாடலும் இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் வாரண்டி நிற்கும். சாதாரண டேங்க் பிரிண்டரில் வேறு மை ஊற்றினால் வாரண்டி கிடைக்காது. இதைத் தெரிந்தே இறங்குங்கள்.

கையிலிருக்கும் காசு முழுவதையும் பிரிண்டரில் போட்டுவிடாதீர்கள். படத்தைச் சூட்டோடு அழுத்தும் ஹீட் பிரஸ், மை, பேப்பர், வீணாகப்போகும் முதல் சில மக்குகள் எல்லாம் பாக்கி இருக்கின்றன. நானாக இருந்தால் பிரிண்டரில் மிச்சம் பிடித்து நல்ல ஹீட் பிரஸ் வாங்குவேன். ஒரு மூலையில் சூடு குறைந்தாலும் அந்த மூலையில் படம் வெளிறிவிடும்.

படி 4: மை ஊற்றுவதற்கு முன்

பிரிண்டர் புதிதாக இருக்க வேண்டும். கூடவே வரும் மைப் பாட்டில்களைத் திறக்காமல் எடுத்து வையுங்கள். முதல் தடவை டேங்கில் இறங்குவதே சப்ளிமேஷன் மையாக இருக்கட்டும். பழைய பிரிண்டர் என்றால் குழாயில் தங்கிய மை கலந்து நிறம் மாறும். கழுவி எடுப்பது புதியவர்கள் வேலையல்ல. மை விற்பவரிடம் அந்த மைக்கான ஐசிசி ப்ரொஃபைலை, அதாவது நிறத்தைச் சரிப்படுத்தும் கம்ப்யூட்டர் ஃபைலை, மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாக வந்து நிற்கும்.

படி 5: முதல் அச்சு

முதலில் வெறும் தாளில் நாசில் செக் எடுங்கள், அதாவது ஹெட்டின் துளைகள் அடைக்காமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் கோட்டு அச்சு. கோடு எங்கும் அறுபடாமல் வந்தால் சப்ளிமேஷன் பேப்பரைப் போட்டு, செட்டிங்கில் உயர்ந்த தரத்தையும் மிரர் இமேஜையும் தேர்ந்தெடுங்கள்.

மிரர் ஏன் என்று புரியாதவர்கள் ஆத்தங்குடியில் கல் போடுவதை ஒருமுறை பார்த்து வாருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டை ஊற்றுவார்கள். பூவின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். கல்லைத் திருப்பினால் இடம் வலமாகிவிடும். இங்கேயும் தாளைக் கவிழ்த்துத்தான் வைக்கிறோம், எழுத்து நேராக விழ வேண்டுமானால் தாளில் அது தலைகீழாக, அதாவது இடவலம் மாறி, இருந்தாக வேண்டும். அடர் நிறக் காட்டனுக்கான டிரான்ஸ்ஃபர் பேப்பருக்கு மட்டும் மிரர் வேண்டாம். அதைப் படம் மேலே தெரியும்படி வைத்து ஒட்டுகிறோம்.

தாளில் நிறம் மங்கலாக, தூசி படிந்தது போலத் தெரியும். பயந்துபோய் மையைக் கூட்டாதீர்கள். தாளைக் கவிழ்த்து வைத்துச் சூட்டில் அழுத்துங்கள். பனியனுக்கு 190 முதல் 200 டிகிரியில் 45 முதல் 60 விநாடி. மக்குக்கு 180 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று நிமிடம். தாளை உரித்ததும் நிறம் பளிச்சென்று நிற்கும்.

ஆர்டர் இல்லாத நாட்களிலும் வாரத்துக்கு இரண்டு முறை எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு சின்னப் படம் அச்சடியுங்கள். சித்திரை வெயிலில் பிரிண்டரை மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஹெட்டில் மை காய்ந்துவிடும். எங்கள் கடையில் செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றிய கையோடு ஒரு நாசில் செக் எடுத்துவிடுகிறோம்.