மூடுபனிக்கு நடுவே குரோமோசோம் பட்டை: அழுகண்ணிச் செடிகளை வகை பிரிக்கும் செய்முறை

போன ஆடி மாதம் முழுக்க ஊட்டியில் நான் நுண்ணோக்கியில் பார்த்தது வெறும் கண்ணாடியைத்தான். ஸ்லைடில் அழகாக விரிந்திருந்த அழுகண்ணியின் (பூச்சி பிடிக்கும் ட்ரோசிரா செடி) குரோமோசோம்கள், பட்டை எடுக்க, அதாவது சாயமேற்றி அவற்றில் கருங்கோடுகளை வரவழைக்கப் போனதும் கழன்று ஓடிவிட்டன. காரணம் பிடிபட நாலு தடவை ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எண்ணிக்கையே வேறுபட்டால் பட்டை தேவையில்லை. ட்ரோசிரா பர்மானிக்கு 20 குரோமோசோம், நம் புல்வெளிச் சரிவுகளில் மழைக்கு முளைக்கும் பிறை இலைக்கார ட்ரோசிரா பெல்டேட்டாவுக்கு 32. எண்ணினாலே போதும். எண்ணிக்கை ஒன்றாக இருந்து, செடிகளும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்போதுதான் பட்டை கைகொடுக்கும். இவற்றின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. நடுவில் இடுக்கும் தெளிவாகத் தெரியாது. அதனால் உருவத்தை வைத்து ஒன்றையொன்று அடையாளம் காண்பது கஷ்டம்.

செடியைக் காட்டிலிருந்து பிடுங்காதீர்கள். வனத்துறை அனுமதி வேண்டும். தொட்டியில் விதை போட்டு வளர்த்ததே நல்லது. வேர் கறுப்பாக இருந்தாலும் நுனி வெளுப்பாக இருக்கும், அதுதான் வேண்டும். காலையில் வெட்டி, செல் பிரிவைப் பாதியில் நிறுத்தும் 8-ஹைட்ராக்சிகுயினோலினில் (லிட்டருக்கு 0.29 கிராம்) இரண்டு மணி நேரம் வையுங்கள். இதற்கே நம் மாநிலப் பூ செங்காந்தளில் இருக்கும் கோல்ச்சிசினையும் சிலர் பயன்படுத்துவார்கள். அது கொடிய விஷம், எனக்கு வேண்டாம். அப்புறம் மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு இரவு.

மறுநாள் 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நுனியை மென்மையாக்கி, கவர்ஸ்லிப் (மெல்லிய மூடு கண்ணாடி) போட்டுக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஸ்லைடை உறையவைத்து, பிளேடால் கவர்ஸ்லிப்பைத் தெறிக்கவிட்டு, எத்தனாலில் முக்கி எடுங்கள்.

இனிதான் நான் வழுக்கிய இடம். ஸ்லைடு ஒரு வாரம் காய வேண்டும். "காற்றில் காயவிடவும்" என்று நான் பின்பற்றிய செய்முறைக் குறிப்பில் ஒரே வரி. ஊட்டிக் காற்றில் எது காய்கிறது? துவைத்த சட்டையே மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகத் தொங்குகிறது. காயாத ஸ்லைடை பேரியம் ஹைட்ராக்சைடில் போட்டால் செல் ஒட்டியிருக்காது. முறுக்கு வைக்கும் சம்படம் ஒன்றில் நீல சிலிக்கா ஜெல்லைக் கொட்டி, அதில் ஸ்லைடை நிறுத்தி மூடி வைத்தேன். ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றிவிட வேண்டும். ஏழாவது நாள் போட்ட ஸ்லைடில் ஒரு செல்கூடக் கழலவில்லை. (அந்தச் சம்படத்தில் மறுபடி முறுக்கு வைக்காதீர்கள்.)

அடுத்து, நிறைவுற்ற பேரியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் ஐந்து நிமிடம். விஷம், கையுறை கட்டாயம். இந்தக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, பால் ஆடை மாதிரி மேலே வெண்மையாகப் படரும். அது ஸ்லைடில் ஒட்டினால் குரோமோசோம் எது, தூசி எது என்று தெரியாது. கொதித்து ஆறிய நீரில் அன்றன்றைக்குக் கலக்கி, வடிகட்டி, உடனே பயன்படுத்துங்கள். எடுத்ததும் நீரில் நன்றாக அலசுங்கள்.

பிறகு லிட்டருக்கு 17.5 கிராம் உப்பும் 8.8 கிராம் சோடியம் சிட்ரேட்டும் கரைத்த நீரில், 60 டிகிரியில் ஒரு மணி நேரம். காரம் பட்டுத் தளர்ந்த டி.என்.ஏ. பெருமளவு இங்கே கரைந்து போகும். இறுக்கமான ஹெட்டிரோகுரோமட்டின் பகுதியில் மட்டும் தங்கும். அதுதான் ஜீம்சா சாயத்தில் கரும்பட்டையாகத் தெரிவது. சாயத்தை 6.8 பி.எச். பஃபரில் (அமில-கார அளவு மாறாத கரைசல்) கலக்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கடிகாரத்தை நம்பாதீர்கள்.

ஒரு செல்லில் தெரிந்தது பட்டை ஆகாது. குறைந்தது பத்து செல்லில் அதே இடத்தில் வந்தால்தான் நான் குறித்துக்கொள்வேன்.

பின்சேர்க்கை: கொடைக்கானலிலிருந்து ஒருவர், மார்கழியில் தன் செல்கள் எல்லாம் சிதைந்தே வருவதாக எழுதியிருந்தார். விசாரித்ததில், அவருடைய அசிட்டிக் அமில பாட்டிலில் பாதி கற்கண்டு மாதிரி உறைந்திருந்தது. தூய அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியிலேயே உறையும். உறையாமல் மிஞ்சும் திரவத்தில் தண்ணீர் பங்கு கூடிவிடும். அதை ஊற்றினால் கலவை அளவு தப்பும். மூடியைச் சற்றுத் தளர்த்தி, பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, முழுக்க உருகிய பிறகு மூடிக் குலுக்கி அளந்து எடுங்கள்.