பத்திக்குள்ளேயே இலக்கணம்

என் ஆங்கில வகுப்பில் இலக்கணத்துக்கென்று தனி நேரம் கிடையாது. படிக்கிற பத்தியிலேயே அதையும் பார்த்துவிடுவோம். எட்டுப் பத்து வரி போதும். நாலைந்து சொற்களுக்கு மேல் தெரியாவிட்டால் வேறு பத்தி எடுங்கள். அகராதியோடு மல்லுக்கட்டினால் கதை நழுவிவிடும்.

முதல் வாசிப்பு வாய்விடாமல். முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, யார் என்ன செய்தார் என்று மாணவர் தமிழிலேயே சொல்லட்டும். ஆங்கிலத்தில்தான் சொல்லணும் என்று அடம்பிடிக்காதீர்கள், இப்போதைக்குப் புரிந்ததா என்பதுதான் கேள்வி.

அப்புறம் பென்சில். 'ஹீ', 'இட்', 'தே' வரும் இடமெல்லாம் வட்டமிட்டு, அது குறிக்கும் பெயருக்கு அம்பு போடச் சொல்லுங்கள். அம்பு தப்பான இடத்துக்குப் போனால், புரிதல் எங்கே அறுந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்து வினைச்சொற்கள். 'வென் ஐ ரீச்டு தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்ற வரியில் எது முதலில் நடந்தது என்று கேளுங்கள். ரயில் போனதுதான் முன்னால் என்று பிடித்துவிட்டால் சரி. 'ஹேட்'டை எடுத்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள்: நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது போலாகிவிடும். இதற்குமேல் விதியை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்காது.

கடைசியாக, அதே அமைப்பில் சொந்தமாக இரண்டு வாக்கியம். கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியைத் தேர்வு நெருங்கும்போதுதான் தொடுவேன்.